கிழிந்த மூட்டையும் குரைக்கிற நாயும்: ஒரு லிவர் ரிப்போர்ட்டைப் புரிந்துகொள்ள

சித்தி போனில் கேட்ட முதல் கேள்வி இதுதான்: “ரத்தத்துல ஏதோ பாசிட்டிவ்னு வந்திருக்குடா. எய்ட்ஸா இருக்குமோ?”

இருக்காது என்று சொல்லிவிட்டு ரிப்போர்ட்டை வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னேன். மங்கலாக வந்த படத்தில் இரண்டு வரிகள் மட்டும் தடித்த எழுத்தில் இருந்தன. எஸ்.ஜி.பி.டி. 212. ஏ.என்.ஏ. பாசிட்டிவ், 1:160. எட்டு மாதமாகவே அவருக்கு அசதி. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்க அரை மணி நேரம் ஆகும். ரத்தசோகை என்று ஒரு டாக்டர் அயர்ன் மாத்திரை கொடுத்தார். தைராய்டு என்று இன்னொருவர் டெஸ்ட் எடுக்கச் சொன்னார், அது நார்மல். வீட்டில் எல்லோரும் “மாதவிடாய் நிக்கிற வயசு, அப்படித்தான் இருக்கும்” என்று முடித்துவிட்டார்கள். இப்போது ரிப்போர்ட் கொடுத்த லேப் பையன் “லிவர்ல ஆட்டோஇம்யூன் ப்ராப்ளம் போலிருக்கு ஆன்ட்டி” என்று சொல்லி அனுப்பியிருக்கிறான்.

நான் டாக்டர் இல்லை. மருத்துவக் கட்டுரைகளைப் படித்து எழுதுவது என் வேலை, அவ்வளவுதான். அன்று சித்திக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். ஏனென்றால் லேப் பையன் சொன்னதில் இரண்டு தவறுகள் இருந்தன. அந்த இரண்டையும் படித்தவர்களே தினமும் செய்கிறார்கள்.

கிழிந்த மூட்டை

கல்லீரலுக்கு எடுக்கும் ரத்தப் பரிசோதனைக்கு ‘லிவர் ஃபங்ஷன் டெஸ்ட்’, சுருக்கமாக எல்.எஃப்.டி., என்று பெயர். பெயர்தான் குழப்பத்தின் ஆரம்பம். அந்தப் பட்டியலில் நாம் முதலில் தேடும் எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. இரண்டும் கல்லீரல் எப்படி வேலை செய்கிறது என்பதை அளப்பவையே அல்ல.

அரிசி மண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மூட்டைகள் அடுக்கியிருக்கின்றன. தரையில் அரிசி சிந்திக் கிடக்கிறது. பார்த்ததும் என்ன தெரியும்? ஏதோ மூட்டை கிழிந்திருக்கிறது என்று தெரியும். எலி கடித்ததா, கொக்கி குத்தியதா, மழையில் நைந்ததா என்று தெரியாது. உள்ளே இன்னும் எத்தனை மூட்டை நன்றாக இருக்கிறது என்றும் தெரியாது.

எஸ்.ஜி.பி.டி.யும் எஸ்.ஜி.ஓ.டி.யும் கல்லீரல் செல்லுக்குள் இருக்கவேண்டிய நொதிகள். நொதி என்றால் உடலுக்குள் நடக்கும் வேதிவினைகளை வேகப்படுத்தும் புரதம். செல் சேதமானால் அவை ரத்தத்தில் சிந்தும். சிந்திய அரிசியைத்தான் லேப் எண்ணித் தருகிறது. பல லேப்களில் எஸ்.ஜி.பி.டி.க்கு மேல் எல்லை 40-ஐ ஒட்டி இருக்கும். சித்தியின் 212 அதைப்போல ஐந்து மடங்கு. மூட்டை கிழிந்தது நிச்சயம். யார் கிழித்தது என்பது அந்த எண்ணில் இல்லை.

இந்த உவமையில் இன்னொரு பக்கமும் உண்டு, அதுதான் ஆபத்தானது. காலி மூட்டை கிழிந்தால் எதுவும் சிந்தாது. பல வருடம் சேதப்பட்டு முற்றிலும் தழும்பேறிய கல்லீரலில் சிந்துவதற்கே செல்கள் குறைந்துபோயிருக்கும். அந்த நிலைக்கு சிரோசிஸ் என்று பெயர். அப்போது எஸ்.ஜி.பி.டி. நார்மலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கலாம். “முன்னாடி 150 இருந்துச்சு, இப்ப 45-தான், குறைஞ்சிடுச்சு” என்று இனிப்பு வாங்கிக் கொடுத்தவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

கல்லீரல் உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்க்க வேறு வரிகள் இருக்கின்றன. ஆல்புமின் கல்லீரல் தயாரிக்கும் புரதம். ரத்தம் உறையத் தேவையான பொருள்கள் பலவற்றைத் தயாரிப்பதும் கல்லீரல்தான். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று அளப்பது ‘ஐ.என்.ஆர்.’ பிலிருபின் என்பது பழைய சிவப்பணுக்கள் உடையும்போது வரும் மஞ்சள் கழிவு. கல்லீரல் அதை வெளியே அனுப்பாவிட்டால் கண் மஞ்சளாகும். ஆல்புமின் இறங்கி ஐ.என்.ஆர். ஏறினால் மண்டியில் சரக்கே குறைகிறது என்று பொருள்.

ஆக, எஸ்.ஜி.பி.டி. சேதத்தைக் காட்டும், ஆல்புமினும் ஐ.என்.ஆரும் வேலைத்திறனைக் காட்டும். காரணம் யார் என்பதை இவற்றில் எதுவும் காட்டாது.

அடைபட்ட வாய்க்கால்

கல்லீரலில் செல்கள் மட்டுமில்லை, பித்தநீர் ஓடும் நுண்ணிய குழாய்களும் இருக்கின்றன. குழாயில் கோளாறு என்றால் ஏறுவது வேறு நொதி: ஆல்கலைன் ஃபாஸ்ஃபடேஸ், அதாவது ஏ.எல்.பி. இது எலும்பிலும், கர்ப்பத்தின்போது நச்சுக்கொடியிலும் உண்டு. அதனால்தான் வளரும் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இயல்பாகவே கூடுதலாக இருக்கும்.

எஸ்.ஜி.பி.டி. பெரிதாக ஏறி ஏ.எல்.பி. அதிகம் அசையவில்லை என்றால் செல் பக்கம் பிரச்சினை. ஏ.எல்.பி. முன்னே நின்றால் குழாய் பக்கம். டாக்டர் ரிப்போர்ட்டை வாங்கியதும் முதலில் பார்ப்பது இதைத்தான், பத்து விநாடி வேலை. அடுத்து எந்தச் சாலையில் போவது என்று முடிவாவது அங்கேதான்.

எல்.எஃப்.டி.யின் கடைசியில் யாரும் பார்க்காத ஒரு வரி இருக்கும்: ஏ/ஜி ரேஷியோ. ஆல்புமினுக்கும் குளோபுலினுக்கும் உள்ள விகிதம். குளோபுலின் என்ற தொகுப்பில் பெரிய பங்கு ஆன்டிபாடிகளுக்கு. ஆன்டிபாடி என்பது கிருமியைப் பிடிக்க உடல் செய்யும் புரதம். பொதுவாக ஆல்புமின்தான் கூடுதலாக இருக்கும். சித்தியின் ரிப்போர்ட்டில் ஆல்புமின் 3.9, குளோபுலின் 5.0. தலைகீழ். அவருடைய பிளாஸ்டிக் ஃபைலைப் புரட்டியபோது ஐந்து மாதத்துக்கு முந்தைய தாளிலும் குளோபுலின் 4.8 என்று இருந்தது. பக்கத்தில் பேனாவால் யாரோ டிக் அடித்திருந்தார்கள். குளோபுலின் ஏற வேறு காரணங்களும் உண்டு, நாட்பட்ட தொற்றுகளில் இருந்து ரத்தப் புற்றுநோய் வகைகள் வரை. ஆனால் எஸ்.ஜி.பி.டி. ஏறி குளோபுலினும் ஏறியிருந்தால் ‘ஏன்’ என்று ஒருவர் கேட்டிருக்கவேண்டும்.

குரைக்கிற நாய்

இப்போது இரண்டாவது வரி, ஏ.என்.ஏ. பாசிட்டிவ்.

நம் உடலின் எதிர்ப்புச் சக்தி வெளியாளை அடையாளம் கண்டு தாக்கும் காவல். சொந்த உடலையே அது தாக்கத் தொடங்கினால், வேலியே பயிரை மேய்ந்த கதை. அதற்குத்தான் ஆட்டோஇம்யூன் நோய், தமிழில் தன்னுடல் தாக்குநோய், என்று பெயர். வேலி பயிரை மேயாமல் இருக்க உடலுக்குள்ளேயே கடிவாளம் போடும் செல்கள் இருக்கின்றன. அதைக் கண்டறிந்ததற்காகத்தான் 2025-இல் மேரி புரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி மூவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது.

ஏ.என்.ஏ. என்பது நம் சொந்த செல்களின் கருவை நோக்கிக் குறிவைக்கும் ஆன்டிபாடி. சொந்தச் செல்லையா? பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டு நாயை நினைத்துப் பாருங்கள். சில நாய் வீட்டு ஆட்களைப் பார்த்தும் குரைக்கும். ஆயுசு முழுக்கக் குரைத்துக்கொண்டே இருக்கும், கடிக்காது. ஏ.என்.ஏ. அந்தக் குரைப்பு. கடி வேறு.

எவ்வளவு சத்தமாகக் குரைக்கிறது என்று பார்ப்பதற்குத்தான் 1:160 போன்ற எண். காபி டிகாஷனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கரண்டி டிகாஷனில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் நிறமே தெரியாது. திக்கான டிகாஷன் என்றால் அதிகத் தண்ணீர் தாங்கும். லேபிலும் ரத்தத்தின் தெளிநீரை 1:40, 1:80, 1:160 என்று இரட்டிப்பாக நீர்த்துக்கொண்டே போவார்கள். கண்ணாடித் தகட்டில் வளர்த்த மனித செல்கள் மேல் அதை ஊற்றி, ஒளிரும் சாயம் சேர்த்து, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். பச்சையாக ஒளிர்ந்தால் பாசிட்டிவ். எந்த அளவு நீர்த்தபின்னும் ஒளிர்கிறதோ அதுதான் ரிப்போர்ட்டில் வரும் எண். சில லேப்கள் இதைச் செய்யாமல் எலைசா என்ற வேறு முறையில் வெறும் ஒரு எண்ணைத் தருகின்றன. இந்த எண்ணையும் அந்த எண்ணையும் ஒப்பிட்டு “கூடியிருக்கு, குறைஞ்சிருக்கு” என்று கணக்குப் போடுவது வீண் வேலை.

நோயே இல்லாதவர்களிடம் இதைச் சோதித்தால்? 1997-இல் வெளிவந்த, இன்றுவரை எல்லோரும் காட்டும் ஆய்வு ஒன்று இருக்கிறது. ஆரோக்கியமானவர்களில் ஏறக்குறைய 32 சதவீதம் பேருக்கு 1:40-இல் பாசிட்டிவ். 1:80-இல் 13 சதவீதம். 1:160-இல்கூட 5 சதவீதம். சித்தியின் எண்ணோடு நோயே இல்லாமல் 20 பேரில் ஒருவர் தெருவில் நடந்துகொண்டிருக்கிறார். கொழுப்பு படிந்த ஈரல் உள்ளவர்களிடமும் இத்தகைய ஆன்டிபாடிகள் கொஞ்சமாகத் தென்படுவது சாதாரணம்.

இதே கணக்கு ‘ஃபுல் பாடி செக்கப்’ பேக்கேஜ்களுக்கும் பொருந்தும். நார்மல் எல்லை என்பது ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும் அளவு. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகளை ஒரு நல்ல ஆளுக்கு எடுத்தால், ஏதாவது ஒன்றாவது எல்லையைத் தாண்டும் வாய்ப்பு 64 சதவீதம். 80 டெஸ்ட் பேக்கேஜில் தடித்த எழுத்து வராவிட்டால்தான் ஆச்சரியம்.

சுருக்கமாக: ஏ.என்.ஏ. ஒரு நோயின் பெயர் அல்ல. வேறு தடயங்கள் இருக்கும்போது மட்டும் அதற்கு மதிப்பு.

பிறகு ஏன் ஈரலுக்கு அதை எடுக்கிறார்கள்?

1950-இல் ஸ்வீடன் மருத்துவர் யான் வால்டென்ஸ்ட்ரோம் இளம்பெண்கள் சிலரிடம் ஒரு விநோத காமாலையை விவரித்தார். ரத்தத்தில் குளோபுலின் எகிறியிருந்தது. 1956-இல் மெல்போர்னில் இயன் மெக்கேயும் சக மருத்துவர்களும் அத்தகையவர்களிடம் லூபஸ் என்ற இன்னொரு தன்னுடல் தாக்குநோயில் காணும் ரத்த அடையாளங்களைக் கண்டு ‘லூபாய்டு ஹெபடைட்டிஸ்’ என்று பெயர் வைத்தார்கள். லூபஸ் வேறு, இது வேறு என்று பின்னால் தெளிந்தது. இன்று இதன் பெயர் ஆட்டோஇம்யூன் ஹெபடைட்டிஸ்: காவல் செல்கள் கல்லீரல் செல்லைத் தாக்கும் நோய். இதில் பலருக்கு ஏ.என்.ஏ. பாசிட்டிவ் வருவதால்தான் ஈரலுக்கும் அதை எடுக்கிறார்கள். நோயாளிகளில் பெரும்பாலோர் பெண்கள். மூட்டு வலி, அசதி, சில நேரம் காமாலை, சில நேரம் ஒன்றுமே இல்லை.

இதற்கு அக்கா முறையில் ஒரு நோய் உண்டு, குழாய் பக்கம். பிரைமரி பிலியரி கோலாஞ்ஜைட்டிஸ், பி.பி.சி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நுண்ணிய பித்தநீர்க் குழாய்களைக் காவல் செல்கள் அரிப்பது. இதில் வரும் அரிப்பு தனி ரகம்: தோலில் தடிப்பே இருக்காது, உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவில் தூங்கவிடாமல் அரிக்கும். தோல் டாக்டரிடம் சொறி மருந்து வாங்கிப் பூசியபடி வருடங்கள் போய்விடும். இந்த நோயில் மட்டும் ஒரு ஆன்டிபாடிக்குக் கனமான சாட்சி மதிப்பு உண்டு. ஏ.எம்.ஏ. என்ற அது பத்தில் ஒன்பது நோயாளிகளுக்கு மேல் பாசிட்டிவ் வரும். அதோடு ஏ.எல்.பி.யும் தொடர்ந்து ஏறியிருந்தால் பெரும்பாலும் பயாப்ஸிகூட, அதாவது ஈரலில் ஒரு துண்டு எடுத்துப் பார்ப்பதுகூட, தேவைப்படாது. முன்பு இந்த நோயின் பெயரிலேயே ‘சிரோசிஸ்’ என்ற சொல் இருந்தது. சிரோசிஸ் வராதவர்களும் அந்தப் பெயரைக் கேட்டே ஒடிந்துபோனதால் 2015-இல் பெயரை மாற்றினார்கள். நல்ல காரியம்.

யார் யார் இல்லை என்று கேட்பது

ஆட்டோஇம்யூன் ஹெபடைட்டிஸுக்கு அப்படி ஒரே சாட்சி கிடையாது. மற்ற எல்லோரையும் விசாரித்து அனுப்பிவிட்டுத்தான் இவனைப் பிடிக்க முடியும். அதனால்தான் “எவ்வளவு டெஸ்ட்தான் எழுதுவாங்க” என்று எரிச்சல் வருகிறது. ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்கள், திடீரென்று வந்த சேதம் என்றால் தண்ணீர் வழி வரும் ஏ, இ வகைகள், குடி, ஈரல் கொழுப்பு, வயது குறைந்தவர் என்றால் தாமிரம் உடலில் தேங்கும் வில்சன் நோய் — ஒவ்வொன்றாகக் கேட்டுத் தள்ளவேண்டும். ஜிம்மில் புதிதாகச் சேர்ந்து முதல் வாரமே வெறித்தனமாக எடை தூக்கிய பையனுக்கும் எஸ்.ஜி.ஓ.டி. ஏறும், அது தசையிலும் இருக்கும் நொதி. அங்கே ஈரலைத் தோண்டிப் பயனில்லை.

இந்தப் பட்டியலில் நம் ஊரில் மிக முக்கியமானது மருந்து. காசநோய் மாத்திரைகள் ஈரலைப் பாதிக்கும் என்று எல்லா டாக்டருக்கும் தெரியும், அவர்களே கேட்பார்கள். நாம் சொல்லாமல் விடுவது பொடிகளையும் லேகியங்களையும். அவை நம் கணக்கில் மருந்தே இல்லை, “சும்மா சத்துக்கு” சாப்பிடுவது.

சித்தியிடம் வேறென்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஈரல் டாக்டர் கேட்டபோது “ஒண்ணும் இல்லைங்க” என்றார். வீட்டில் இருக்கும் டப்பா, பாட்டில் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அடுத்தமுறை கொண்டுவாருங்கள் என்றார் அவர். மஞ்சப்பையில் ஐந்து வந்தன. வலி மாத்திரை, அயர்ன், கால்சியம், பக்கத்து வீட்டு அம்மா கொடுத்த கீழாநெல்லி, கூடவே கொரோனா சமயத்தில் தொடங்கி விட்டுவிட்டுச் சாப்பிட்டுவந்த சீந்தில் பொடி. டாக்டர் சீந்தில் டப்பாவை மட்டும் எடுத்துத் தனியே வைத்தார்.

காரணம் இருக்கிறது. வடக்கே கிலோய் என்று சொல்லும் சீந்திலை எதிர்ப்புச் சக்தி கூடும் என்று கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு குடித்தார்கள். அதன்பின் ஈரல் பாதித்து வந்தவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள். பார்ப்பதற்கு அச்சு அசல் ஆட்டோஇம்யூன் ஹெபடைட்டிஸ் போலவே இருந்தது. ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. ஆனால் பிறகு நாட்டின் பல மருத்துவமனைகள் சேர்ந்து செய்த ஆய்விலும் இத்தகைய நோயாளிகள் வந்தார்கள். காவலை உசுப்பிவிடும் பொருள், ஏற்கெனவே வேலி பயிரை மேயக் காத்திருக்கும் உடலில் என்ன செய்யும் என்பது யோசிக்கவேண்டிய விஷயம். நான் சித்த மருத்துவத்துக்கு எதிரி இல்லை. டாக்டரிடம் மறைப்பதற்குத்தான் எதிரி.

பொடியை நிறுத்தி மூன்று வாரம் கழித்து மறுபடி பார்த்தார்கள். எஸ்.ஜி.பி.டி. 212-இலிருந்து 140. குறைந்தது, ஆனால் அடங்கவில்லை. ஐ.ஜி.ஜி. என்ற குறிப்பிட்ட ஆன்டிபாடி வகை, குளோபுலின் ஏறியதன் உள்விவரம், எல்லையைத் தாண்டியே இருந்தது. இந்த நோயில் தேடும் இன்னொரு ஆன்டிபாடியான எஸ்.எம்.ஏ.யும் பாசிட்டிவ். வைரஸ்கள் எல்லாம் நெகட்டிவ்.

இந்த நான்கு கேள்விகளைத்தான் 2008-இல் வந்த ஒரு சர்வதேச மதிப்பெண் முறையும் கேட்கிறது: ஆன்டிபாடி உண்டா, ஐ.ஜி.ஜி. ஏறியதா, வைரஸ் இல்லையா, நான்காவதாக மைக்ராஸ்கோப்பில் ஈரல் எப்படி இருக்கிறது. நான்காவதற்கு ஊசி தேவை.

சேமியா அளவு ஒரு துண்டு

பயாப்ஸி என்றதும் சித்தி அழுதுவிட்டார். “கேன்சருக்குத்தானேடா அதெல்லாம்?” இங்கே பயாப்ஸி புற்றுநோயைத் தேட அல்ல, யார் தாக்குகிறார்கள் என்று நேரில் பார்க்க. ஐ.என்.ஆரும் ரத்தத் தட்டணுக்களும் சரியாக இருக்கின்றனவா என்று முதலில் பார்ப்பார்கள், ரத்தக்கசிவுதான் இதில் கவனிக்கவேண்டிய ஆபத்து. வலப்பக்க விலா எலும்புகளுக்கு நடுவே மரத்துப்போகும் ஊசி போட்டு, சில விநாடி மூச்சைப் பிடிக்கச் சொல்லி, சேமியா போல ஒரு துண்டு எடுப்பார்கள். நீளம் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர். மொத்த ஈரலில் 50,000-இல் ஒரு பங்கு. பிறகு சில மணி நேரம் அசையாமல் படுக்கவேண்டும். வலது தோள் வலிக்கலாம். ஈரலைக் குத்தினால் தோள் ஏன் வலிக்கிறது என்று சித்தி நர்ஸிடம் சண்டைக்கே போனார்; ஈரலுக்கு மேலுள்ள உதரவிதானத்துக்கும் தோளுக்கும் நரம்பு வேர் ஒன்று.

அந்தத் துண்டில் தேடுவது எல்லை மீறலை. ஈரலுக்குள் ரத்தக் குழாய்களும் பித்தக் குழாயும் சேர்ந்து போகும் சிறுசிறு தீவுகள் உண்டு. காவல் செல்கள் அந்தத் தீவுகளில் கூடி, வரப்பைத் தாண்டிச் சுற்றியுள்ள ஈரல் செல்களுக்குள் இறங்கியிருந்தால், அதிலும் ஆன்டிபாடி தயாரிக்கும் பிளாஸ்மா செல்கள் கூட்டமாக இருந்தால், சந்தேகம் வலுக்கிறது.

ஒரு எச்சரிக்கை. அசதிக்கும் மூட்டு வலிக்கும் எங்காவது ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் எல்லாம் அடங்கிப்போகும், எஸ்.ஜி.பி.டி.யும் இறங்கும். உடம்பு நன்றாக இருக்கும், தடயம் அழிந்துபோகும். நாள்பட்ட சந்தேகத்தில் பயாப்ஸிக்குப் பிறகு மருந்து என்பதே நல்ல வரிசை. ஈரல் வேகமாகச் சரியும்போது மட்டும் டாக்டர் காத்திருக்கமாட்டார்.

எப்போது ஓடவேண்டும்

இந்த நிதானமெல்லாம் அசதியும் ஏறிய எண்களும் மட்டும் இருக்கும்போது. கண் மஞ்சளோடு பேச்சு குழறினாலோ, பகலில் தூங்கி இரவில் விழித்து ஆள் தடுமாறினாலோ, மலம் தார்போல் கறுத்தாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ, வயிறு வீங்கினாலோ அன்றே பெரிய ஆஸ்பத்திரி. கீழாநெல்லிக்கு அங்கே இடமில்லை. தாமதத்துக்கு விலை உண்டு: இந்த நோய் கண்டுபிடிக்கப்படும்போதே மூன்றில் ஒருவருக்கு சிரோசிஸ் வந்துவிட்டிருக்கும்.

சித்தியின் ஃபைல்

பயாப்ஸியில் எல்லை மீறல் இருந்தது, பிளாஸ்மா செல்களும் இருந்தன. தழும்பு கொஞ்சம்தான். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைத் தொடங்கினார்கள், பிறகு காவலை அடக்கும் இன்னொரு மருந்தான அசதயோபிரின் சேர்த்தார்கள். ஐந்தாவது வாரம் எஸ்.ஜி.பி.டி. 48. விரல்கள் மடங்குகின்றன. முகம் உப்பியதில்தான் அவருக்குக் கோபம்.

நோயின் பெயர் முடிவாகிவிட்டதா என்றால், இன்னும் இல்லை. பொடி செய்த வேலையா, உள்ளேயே இருந்த நோயா என்பதை மைக்ராஸ்கோப்பால் பிரிக்க முடியவில்லை. மருந்தை மெல்லக் குறைத்து நிறுத்திப் பார்க்கவேண்டும். நிறுத்தியபின் எண்கள் திரும்ப ஏறினால் உள்ளிருந்த நோய், ஏறாமலே இருந்தால் பெரும்பாலும் பொடி. போன வாரம் டாக்டர் ஃபைலில் எழுதிய வரியைச் சித்தி எனக்குப் படம் எடுத்து அனுப்பினார். நோய் என்று அச்சிட்ட கட்டத்தில் பெயருக்குப் பக்கத்தில் பெரிதாக ஒரு கேள்விக்குறி. “இது என்னடா, இவருக்கே தெரியலையா?” என்று கீழே ஒரு வாய்ஸ் மெசேஜ்.